கான்ஸ்டிட்யூஷன் 6 வைத்துக்கொண்டு ஒரு விசார்ட் எத்தனை நாள் தாங்குவார்?

கொடைக்கானலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். டைஸ் உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை முதன்முறையாக ஆடப் போகிறார், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. விசார்ட் (மந்திரவாதி) கேரக்டருக்கு டைஸ் உருட்டும்போது, உடல் வலுவைக் குறிக்கும் கான்ஸ்டிட்யூஷனுக்கு 6 விழுந்துவிட்டது. எது எங்கே விழுந்ததோ அங்கேயே எழுத வேண்டும் என்பது, ஆட்டத்தை நடத்தும் டிஎம் போட்ட விதி. கூட ஆடுகிறவர்கள், "இது முதல் செஷனைத் தாண்டாது, ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற கேரக்டர் போடு" என்கிறார்களாம். கதை நடப்பதோ பனிமலையில். பேரிஜம் பக்கத்துக் காட்டுப் பாதைகளை மனதில் வைத்து டிஎம் வரைந்த மலை. "நிஜமாகவே அவ்வளவு சீக்கிரம் சாவு வருமா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?" என்று முடித்திருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த 6 எத்தனை அடி தாங்கும் என்பது ஒன்று. அதை விதிப் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்த 6 ஆளைக் கொல்லுமா என்பது இன்னொன்று. அது மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் கோத்தகிரியில் பல வருடங்களாக டிஎம்மாக இருக்கிறேன். பிழைப்பு, பள்ளியில் கணக்கு நடத்துவது. ஆகவே முதல் கேள்விக்கு அடித்துச் சொல்வேன், இரண்டாவதற்கு என் மேசையில் பார்த்ததை வைத்துச் சொல்வேன். 2024இல் வந்த திருத்திய பதிப்பை நான் அதிகம் நடத்தியதில்லை. கீழே வரும் எண்கள் எல்லாம் 2014 புத்தகத்துக்கு உரியவை.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. முதல் இரண்டு லெவல்கள் உங்களுக்கு உண்மையிலேயே கண்டம்தான். ஆனால் ஷீட்டைக் கிழிக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் கான்ஸ்டிட்யூஷன் குறைந்த விசார்டைவிட கான்ஸ்டிட்யூஷன் குறைந்த ஃபைட்டர்தான் (முன்னால் நின்று சண்டை போடுகிறவர்) முதலில் போய்ச் சேருகிறார். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கணக்கு.

கான்ஸ்டிட்யூஷன் 10 என்றால் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. அதற்குக் கீழே இரண்டிரண்டாக இறங்க ஒவ்வொன்று கழியும்: 8 என்றால் ஒன்று, 6 என்றால் இரண்டு. விசார்டுக்கு ஹிட் டைஸ் ஆறு முகம். (எங்கள் மேசையில் அதற்குப் பெயர் ஆறுமுகம், உருட்டுவதற்கு முன் கும்பிடுகிறவர்களும் உண்டு.) முதல் லெவலில் அந்த ஆறு முழுதாகக் கிடைக்கும், அதில் இரண்டு போக உங்களுக்கு 4 ஹிட் பாயிண்ட், அதாவது நீங்கள் தாங்கக்கூடிய அடி. கான்ஸ்டிட்யூஷன் 14 இருக்கும் விசார்டுக்கு 8. தாளில் பார்த்தால் நாலுதானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த நாலு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம்.

இந்தப் பதிப்பில் பூஜ்யத்துக்கு வந்தால் உடனே சாவதில்லை, மயங்கி விழுவீர்கள். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, புதியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. உங்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது போக மிச்சமிருக்கும் அடி, உங்கள் முழு ஹிட் பாயிண்ட் அளவோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும். டெத் சேவ் (விழுந்தவர் பிழைப்பாரா என்று உருட்டும் டைஸ்), ஹீலிங் எதற்கும் நேரமில்லை. 4 ஹிட் பாயிண்ட் ஆளுக்கு ஒரே அடியில் 8 விழுந்தால் கதை முடிந்தது. ஓர்க் என்னும் முரட்டு அரக்கன் கையில் இருக்கும் பெரிய கோடாரி போடும் அடி, பன்னிரண்டு முக டைஸ் கூட்டல் 3. அதாவது டைஸில் 5 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே போதும். கிரிட்டிக்கல் (டைஸை இரண்டு மடங்காக உருட்டும் அடி) இல்லாத சாதாரண அடி பட்டாலே பன்னிரண்டில் எட்டு வாய்ப்பு, உடனடி சாவு.

இதையே கான்ஸ்டிட்யூஷனை ஏற்றி ஏற்றிப் போட்டுப் பாருங்கள். 8 இருந்தால் ஹிட் பாயிண்ட் 5, உடனே சாக 10 அடி வேண்டும், பன்னிரண்டில் ஆறு வாய்ப்பு. 10 இருந்தால் பன்னிரண்டில் நாலு. 12 இருந்தால் பன்னிரண்டில் இரண்டு. 14 இருந்தால் ஹிட் பாயிண்ட் 8, சாக 16 வேண்டும். கோடாரியின் உச்சபட்ச அடியே 15தான். கிரிட்டிக்கல் விழுந்தாலொழிய ஒரே அடியில் கொல்லவே முடியாது. எட்டு, ஆறு, நாலு, இரண்டு, பூஜ்யம் என்று படி இறங்குவது போல இறங்குகிறது. வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது இதைவிட அழகான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை, பாடத்திட்டத்தில்தான் ஓர்க் இல்லை.

காப்ளின் என்ற குட்டிப் பூதம் கொஞ்சம் சாது. ஆறு முக டைஸ் கூட்டல் 2. ஒரு அடி பட்டால் உங்களை விழவைக்க ஆறில் ஐந்து வாய்ப்பு. 8 ஹிட் பாயிண்ட் ஆளை விழவைக்க ஆறில் ஒன்று. உங்களை ஒரே அடியில் கொல்ல ஆறில் ஒன்று. ஆக, காப்ளினிடம் நீங்கள் பெரும்பாலும் விழுவீர்கள், அபூர்வமாகத்தான் சாவீர்கள்.

விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதில்தான் பலர் தப்பாக நினைக்கிறார்கள். "கான்ஸ்டிட்யூஷன் 6தானே, டெத் சேவும் போயிடும்" என்பார்கள். டெத் சேவுக்கும் கான்ஸ்டிட்யூஷனுக்கும் சம்பந்தமே இல்லை. வெறும் இருபது முக டைஸ், 10ம் அதற்கு மேலும் வெற்றி; மூன்று வெற்றி வந்தால் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடலாம். யாரும் தொடாமல் விட்டால் பிழைக்க ஏறத்தாழ பத்தில் ஆறு வாய்ப்பு. கான்ஸ்டிட்யூஷன் 6க்கும் 18க்கும் இதே எண்தான்.

யாரும் தொடாமல் விட்டால் என்று சொன்னதைக் கவனியுங்கள். மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்தில் நின்று அடித்தால் பட்ட அடி எல்லாம் கிரிட்டிக்கல். காப்ளினின் கத்தி அப்போது இரண்டு ஆறு முக டைஸ் கூட்டல் 2. அதில் விழக்கூடிய மிகக் குறைந்த எண் 4. பூஜ்யத்தில் கிடப்பவருக்கு முழு ஹிட் பாயிண்ட் அளவுக்கு ஒரே அடி விழுந்தால் சாவு என்பது விதி, உங்கள் முழு அளவே 4. ஆகவே பக்கத்தில் வந்த காப்ளினின் குத்து பட்டால் நூற்றுக்கு நூறு சாவு. 8 ஹிட் பாயிண்ட் விசார்டுக்கு இது 36இல் 26. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள, 12 ஹிட் பாயிண்ட் ஃபைட்டருக்கு ஆறில் ஒன்றுதான். விழுந்த ஆளைக் குத்த உங்கள் டிஎம் காப்ளினை அனுப்புவாரா என்பதைப் புத்தகம் சொல்லாது. நான் அனுப்ப மாட்டேன், நிற்கிற எதிரி இருக்கும்போது காப்ளின் அவனைத்தான் பார்க்கும் என்பது என் கணக்கு. ஓநாய்க் கூட்டம் என்றால் இழுத்துக்கொண்டு போகும். வேறு டிஎம் வேறு மாதிரி நடத்துவார், இரண்டும் நியாயமே. முதல் செஷனுக்கு முன்னால் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

லெவல் ஏற ஏற நிலைமை சீராகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. ஒவ்வொரு லெவலிலும் அந்த இரண்டு மறுபடி மறுபடி கழிகிறது. சராசரி எடுத்துக்கொண்டால் விசார்டுக்கு லெவலுக்கு 4, அதில் இரண்டு போக 2. ஐந்தாம் லெவலில் உங்களிடம் 12 ஹிட் பாயிண்ட் இருக்கும். கான்ஸ்டிட்யூஷன் 14 ஆளிடம் 32. நாலாக இருந்த இடைவெளி இருபதாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் எதிரே நிற்கும் மந்திரவாதி ஃபயர்பால் போடுவார், எட்டு ஆறு முக டைஸ், சராசரி 28. சேவ் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் டைஸ்) ஜெயித்துப் பாதி அடி வாங்கினாலும் 14, நீங்கள் விழுந்தாயிற்று. தோற்றால் 24 வந்தாலே உடனடி சாவு, பெரும்பாலும் வரும். 32 உள்ளவர் சராசரி ஃபயர்பாலை முழுதாக வாங்கிக்கொண்டும் நாலு ஹிட் பாயிண்டோடு புகைந்துகொண்டே நிற்பார். ஆக, ஓர்க் கோடாரிக்குப் பயப்படும் காலம் மூன்றாம் லெவலோடு போய்விடும், அதன் இடத்தில் வட்டம் போட்டு அடிக்கும் ஸ்பெல்களுக்குப் பயப்படும் காலம் வந்துவிடும்.

ஓய்வெடுத்துத் தேறுவதிலும் அதே கதை. ஷார்ட் ரெஸ்டில் ஒரு ஹிட் டைஸ் செலவழித்தால் ஆறு முகம் கழித்தல் 2, சராசரியாக ஒன்றரைக்குச் சற்று மேல். 14 உள்ளவருக்கு ஐந்தரை.

சேவ்களில் இருபது முக டைஸில் இரண்டு கழிவது அவ்வளவு கொடுமை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது விசார்டின் பிழைப்பிலேயே கைவைக்கிறது: கான்சன்ட்ரேஷன். அடி வாங்கும்போது 10 அல்லது அடியில் பாதி, எது அதிகமோ அதை எட்டினால்தான் பிடித்து வைத்திருக்கும் ஸ்பெல் நிற்கும். உங்களுக்கு 45 சதவீதம், 14 உள்ளவருக்கு 65. அதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். முதல் லெவலில் உங்களுக்கு அடி பட்டால் பெரும்பாலும் நீங்களே நிற்க மாட்டீர்கள், ஸ்பெல் நின்றால் என்ன, போனால் என்ன. விஷம்தான் கவனிக்க வேண்டியது. பெரிய சிலந்தியின் கடிக்கு 11 வேண்டும். உங்களுக்கு நாற்பது சதவீதம். கூல் என்னும் பிணந்தின்னியின் நகத்துக்கு 10 வேண்டும், தோற்றால் கைகால் அசையாது. உங்கள் விசார்ட் எல்ஃபாக இருந்தால் அந்த நகம் ஒன்றும் செய்யாது. இனத்தை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது பனிமலை. உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது இந்தப் பகுதிதான், நண்பர்கள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. கடுங்குளிர் விதிப்படி, குளிரில் இருக்கும் ஒவ்வொரு மணி நேர முடிவிலும் கான்ஸ்டிட்யூஷன் சேவ், 10 வேண்டும். தோற்றால் ஒரு நிலை களைப்பு. மூன்றாம் நிலைக்கு வந்தால் எல்லா சேவுக்கும் இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். பட்ட காலிலேயே படும் என்பது இங்கே விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. நாலாம் நிலையில் முழு ஹிட் பாயிண்ட் பாதியாகும், உங்களுக்கு 2. ஆறாம் நிலை சாவு. உங்களுடைய 6ஐ வைத்துப் போட்டால் சராசரியாக ஒன்பது மணி நேரத்தில் ஆள் முடிந்துவிடுவார். எந்த ஓர்க்கும் வேண்டாம், ஒரு பகல் நடையே போதும். 14 உள்ளவருக்கு ஏறத்தாழ பதினாலு மணி நேரம்.

ஆனால் நம் ஊர் டிஎம்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. புத்தகத்தில் கடுங்குளிர் என்பது பூஜ்யம் டிகிரி, ஃபாரன்ஹீட்டில். செல்சியஸில் அது மைனஸ் 18. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தாவிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ புல்மேல் உறைபனி படிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பூஜ்யம் என்றதும் நம் பூஜ்யத்தை நினைத்துக்கொள்கிறார்கள், மணிக்கொரு சேவ் கேட்கிறார்கள். அந்த விதி அந்தக் குளிருக்கு எழுதப்பட்டதே இல்லை. உயர விதியும் அப்படித்தான். பத்தாயிரம் அடிக்கு மேல் போனால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமாகக் கணக்காகும். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர், அதாவது எட்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் அடி. மூணாறுக்கு அந்தப் பக்கம் ஆனைமுடி 2,695 மீட்டர், அதுவும் எட்டாயிரத்துச் சொச்சம் அடியில்தான் நிற்கிறது. பேரிஜத்தை மாதிரியாக வைத்து வரைந்த மலையில் இந்த இரண்டு விதியும் வர வேண்டிய அவசியமே இல்லை. டிஎம் வேண்டுமென்றே இமயமலைக் குளிரைக் கொண்டுவருகிறார் என்றால் அது அவர் உரிமை. அப்போதும் தப்பிக்க வழி இருக்கிறது: தடித்த கோட்டும் கையுறையும் போட்டிருந்தால் அந்த சேவ் தானாகவே ஜெயித்ததாகக் கணக்கு. ஸ்வெட்டர் போடாமல் வாசலைத் தாண்டாதே என்று நம் வீட்டு அம்மாக்கள் கத்துவது இந்த ஆட்டத்தில் சட்டமாகவே இருக்கிறது. கையில் இருக்கும் காசில் முதலில் அதை வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இதுவரை சொன்னது கணக்கு. இனி வருவது நான் பார்த்தது. ஒரு மழைக்காலத்தில், கரண்ட் போய் செல்போன் வெளிச்சத்தில் டைஸ் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம். சுண்டு என்று ஒரு நோம் (குள்ள இனம்) விசார்ட், உங்களைப் போலவே கான்ஸ்டிட்யூஷன் 6, ஹிட் பாயிண்ட் 4. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நாலு காப்ளின், கையில் வில். ஆடிய பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, "பாலடின் அக்கா பின்னாடி குப்புறப் படுத்துக்கறேன்" என்றான். (பாலடின் என்றால் கவசம் போட்ட போர்வீரர்.) படுத்தவரைத் தூரத்திலிருந்து அடித்தால் இரண்டு டைஸில் குறைந்தது எடுக்க வேண்டும். நடுவில் இன்னொரு ஆள் நின்றால் ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) இரண்டு கூடும். ஆர்மர் கிளாஸ் 12இல் வெட்டவெளியில் நின்றிருந்தால் காப்ளின் அம்பு படும் வாய்ப்பு 65 சதவீதம். அவன் படுத்ததில் அது முப்பதாகிவிட்டது. அவன் முறை வந்ததும் படுத்தபடியே தூங்கவைக்கும் ஸ்பெல்லான ஸ்லீப்பைப் போட்டான். ஐந்து எட்டு முக டைஸ், 24 விழுந்தது. காப்ளினுக்கு ஏழேழு ஹிட் பாயிண்ட், மூன்று குறட்டை விட ஆரம்பித்தன. நாலாவது ஓடிப்போனது. எந்தக் கான்ஸ்டிட்யூஷனும் ஒரு விசார்டுக்கு இவ்வளவு பாதுகாப்பைத் தந்திருக்காது.

அதே கூட்டத்தில் கொம்பன் என்று ஒரு ஃபைட்டர், கான்ஸ்டிட்யூஷன் 9. ஒன்று கழியும், ஹிட் பாயிண்ட் 9. ஃபைட்டர்தானே, இரும்புச் சட்டை வேறு இருக்கிறதே என்று ஆடியவர் அந்த 9ஐ ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஓர்க்கை நோக்கித் தனியாக ஓடினார். முதல் கோடாரி 11 அடி. சாய்ந்தார். மற்றவர்கள் கிட்டே வருவதற்குள் டெத் சேவில் 1 விழுந்தது, அடுத்ததில் 7. மூன்று தோல்வி. கான்ஸ்டிட்யூஷன் 14 இருந்திருந்தால் ஹிட் பாயிண்ட் 12, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும்.

இதை வைத்துத்தான் மேலே அப்படிச் சொன்னேன். விசார்ட் அடி வாங்காமல் இருப்பது அவர் வேலையின் பகுதி, ஃபைட்டர் அடி வாங்குவது அவர் வேலையே. 4 என்று ஷீட்டில் எழுதியிருப்பவர் ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து நிற்பார். 9 என்று எழுதியிருப்பவருக்கு அந்தப் பயம் வருவதில்லை. இது என் மேசையில் நான் பார்த்த போக்கு, எல்லா மேசைக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஹீலர் இல்லாத கூட்டம், பதுங்கியிருந்து பாயும் எதிரிகளையே விரும்பும் டிஎம், வாரத்துக்கொரு பெரிய சண்டை என்று நடக்கும் ஆட்டம், இவற்றில் முடிவு மாறலாம்.

பழைய பதிப்புகளைப் பற்றியும் கொஞ்சம், ஏனென்றால் பயமுறுத்துகிறவர்கள் பல சமயம் அங்கிருந்துதான் பேசுகிறார்கள். 1981 பேசிக் பதிப்பில் மேஜிக் யூசருக்கு (அங்கே விசார்டின் பெயர்) நாலு முக டைஸ், பூஜ்யம் வந்தால் அத்தோடு சாவு. கான்ஸ்டிட்யூஷன் 6க்கு ஒன்று கழியும், குறைந்தது 1 என்பதால் உருட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட்தான். 1978 அட்வான்ஸ்டு பதிப்பில் செத்தவரை எழுப்பவும் கான்ஸ்டிட்யூஷன் வேண்டும்; 6 இருந்தால் எழும் வாய்ப்பு 55 சதவீதம், 18 இருந்தால் நூறு. ஐந்தாம் பதிப்பில் அந்தச் சோதனையே இல்லை. கால் ஆஃப் கதுலு ஆடினால் வேறு கணக்கு: ஏழாம் பதிப்பில் கான்ஸ்டிட்யூஷனையும் உடல் அளவையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஹிட் பாயிண்ட், அது ஆயுசுக்கும் ஏறாது, சாகும் தறுவாயில் தாக்குப்பிடிக்கவும் அதே கான்ஸ்டிட்யூஷன்தான். குறைந்த எண்ணுக்கு அங்கே இரண்டு முறை விலை கொடுக்க வேண்டும். வார்ஹாமர் ரோல்பிளே ஆட்டத்தில் டஃப்னஸ் (உடல் உறுதி) ஒவ்வொரு அடியிலிருந்தும் கழிகிறது, ஆகவே அங்கே அது ஒரு கவசம். ஒரு ஆட்டத்தில் பட்ட சூட்டை இன்னொரு ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் பயம் அதிகமாகத்தான் தெரியும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். முதல் லெவலில் உங்களிடம் இரண்டு ஸ்பெல் ஸ்லாட், அதாவது இரண்டு முறை ஸ்பெல் போடலாம். ஃபால்ஸ் லைஃப் எடுத்துக்கொள்ளுங்கள்: நாலு முக டைஸ் கூட்டல் 4 தற்காலிக ஹிட் பாயிண்ட், ஒரு மணி நேரம். வேறு விசார்டுகளுக்கு இது வீண் செலவு, உங்களுக்கு உள்ளதைவிட அதிகம் கிடைக்கிறது. மிகக் குறைவாக 5 கிடைத்தாலே ஓர்க் உங்களை ஒரே அடியில் கொல்ல டைஸில் 10 அல்லது அதற்கு மேல் தேவைப்படும். பன்னிரண்டில் எட்டாக இருந்த வாய்ப்பு மூன்றாகக் குறையும். கதவுக்கு அந்தப் பக்கம் சண்டை இருக்கிறது என்று தெரிந்தால் இதைப் போடுங்கள். எப்போது என்று தெரியாத நாளில் எட்டு மணி நேரம் நிற்கும் மந்திரக் கவசமான மேஜ் ஆர்மரே நல்லது. இன்னொரு ஸ்லாட்டை ஸ்லீப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கான்சன்ட்ரேஷன் தேவைப்படாத ஸ்பெல்களாகப் பார்த்துப் பொறுக்குங்கள். பிறகு மிரர் இமேஜ் கிடைக்கும், அதுவும் அந்த ரகம்தான்.

இரண்டாம் லெவலில் எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். யோசிக்காமல் அப்ஜுரேஷன் என்று சொல்லுங்கள். மேஜ் ஆர்மர் போட்ட கையோடு ஒரு காப்பு வளையம் உண்டாகும், லெவலை இரண்டால் பெருக்கி இன்டெலிஜன்ஸ் கூட்டலைச் சேர்த்த அளவு. இன்டெலிஜன்ஸ் 16 என்றால் அப்போதே 7. ஐந்தாம் லெவலில் இன்டெலிஜன்ஸ் 18 என்றால் 14, உங்கள் சொந்த ஹிட் பாயிண்ட் 12ஐவிட அதிகம். ஷீல்டு மாதிரி அதே பிரிவு ஸ்பெல்கள் போடப் போட அது திரும்ப நிரம்பும். கான்ஸ்டிட்யூஷன் பிடுங்கிக்கொண்டதில் பெரும்பகுதியை இந்த ஒன்று திருப்பிக் கொடுத்துவிடும்.

நாலாம் லெவலில் கான்ஸ்டிட்யூஷனை 8ஆக ஏற்றத் தோன்றும், வேண்டாம். அதில் லெவலுக்கு ஒரு ஹிட் பாயிண்ட்தான் கிடைக்கும். டிஎம் ஃபீட் (கூடுதல் திறமை) அனுமதித்தால் டஃப் என்பதை எடுங்கள், லெவலுக்கு இரண்டு, முந்தைய லெவல்களுக்கும் சேர்த்து. ஹிட் பாயிண்ட் அளவில் நீங்கள் கான்ஸ்டிட்யூஷன் 10 ஆளாகிவிடுவீர்கள். புதையலில் அமுலெட் ஆஃப் ஹெல்த் வந்தால் மற்றவர்களுக்கு முன் கையை நீட்டுங்கள். போட்டிருக்கும் வரை கான்ஸ்டிட்யூஷன் 19 என்று கணக்கு, ஐந்தாம் லெவலில் உங்கள் 12 ஒரே நொடியில் 42 ஆகும். ஏற்கெனவே 16 வைத்திருப்பவருக்கு அதில் ஐந்துதான் லாபம் என்று சொல்லி வாதாடலாம், கணக்கு உங்கள் பக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் லெவலில் ஓர்க் எதிரே வந்துவிட்டால், செத்தவரை எழுப்பும் ஸ்பெல் உங்கள் கூட்டத்தில் யாரிடமும் அப்போது இருக்காது. அந்த ஸ்பெல்லான ரிவிவிஃபைக்குக் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) ஐந்தாம் லெவலுக்கு வர வேண்டும், கையில் முந்நூறு பொற்காசு மதிப்புள்ள வைரமும் வேண்டும். அதனால் டிஎம் முன்னால் இன்னொரு கேரக்டருக்கும் டைஸ் உருட்டி, ஷீட்டை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். அதில் 14 விழுந்தாலும் சரி, சண்டை வந்தால் பாலடின் பின்னாலேயே நில்லுங்கள்.